சைலன்சரை வெட்டுவது வீரமல்ல

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் சாயங்காலம் தெருவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டு ஆர்.எக்ஸ். 100, ஒரு யெஸ்டி, எப்போதாவது ஒரு ராஜ்தூத் என்று வரிசையாகப் போகின்றன. மாட்டுத் தொழுவிலும் மாடிப்படிக்கு அடியிலும் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிகளை எடுத்துப் பேரன்மார் ஓட்டுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். நானும் சந்தோஷப்பட்டிருப்பேன், அவை போகிற விதம் வேறு மாதிரி இருந்திருந்தால்.

போகிற விதம் உங்களுக்கும் தெரியும். சைலன்சர் பாதியில் அறுக்கப்பட்டிருக்கிறது. மட்கார்டைக் கழற்றிவிட்டார்கள். சாலைக்கு ஆகாத பட்டன் டயர். டேங்கில் புலிப்படமோ நடிகர் படமோ. பின்னால் நீலப் புகை. வண்டி தெருமுனையைக் கடந்து ஐந்து நிமிஷம் கழித்தும் காதில் இரைச்சல் நிற்கிறது. கேட்டால், "ரீஸ்டோர் பண்ணியிருக்கோம் தாத்தா" என்கிறார்கள்.

இது ரீஸ்டோர் இல்லை. முப்பது நாற்பது வருஷம் தாக்குப்பிடித்து வந்த ஒரு இயந்திரத்தை மூன்றே மாதத்தில் கொல்லும் வேலை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: உத்தியோகக் காலம் முழுக்க வயல்வெளியில் சுற்றுகிற வேலை. கன்னடியன் கால்வாய்க் கரையிலும், கோடகன் கால்வாய்க் கரையிலும், முக்கூடல் பக்கத்துக் கரிசல் பாதையிலும் இருபது வருஷத்துக்கு மேல் டூ ஸ்ட்ரோக் வண்டிதான் என்னைச் சுமந்தது. 'டர்ட் பைக்' என்ற வார்த்தையை அப்போது நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் செய்தது அதைத்தான். மழைக்காலத்தில் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். ஒரு குச்சியை எடுத்துக் குத்திவிட்டு மறுபடி கிளப்புவோம். நடவு முடிந்த வயலுக்கு நடுவே ஒற்றையடிக் கரையில் ஓட்டிப் பழகியவனுக்கு, வண்டியை மதிக்கத் தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் இந்த வண்டிகள் யார், எந்த ஊர் என்று சொல்லிவிடுகிறேன். ராஜ்தூத் 175, போலந்து நாட்டு எஸ்.ஹெச்.எல். வண்டியின் வடிவத்தை வைத்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்தது. ஜாவாவும் அதன் வாரிசான யெஸ்டியும் செக்கோஸ்லோவாக்கியா நாட்டு வழி. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தவை. அந்தத் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985-இல் வந்தது. 98 சி.சி., சுமார் 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. இந்த எடைக்கு அந்தச் சக்தி என்பதுதான் அதன் ரகசியம். அதுவும் 1996-இல் நின்றுபோனது. ஆக, இன்று ஓடுகிற ஒவ்வொரு ஆர்.எக்ஸ். 100-க்கும் குறைந்தது கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. புதிதாக ஒன்று இனி வரப்போவதில்லை. இருப்பதில் ஒன்றைக் கெடுத்தால் கணக்கில் ஒன்று குறைந்தது என்றுதான் அர்த்தம்.

இப்போது சைலன்சர் விஷயத்துக்கு வருகிறேன். "சைலன்சரை வெட்டினால் எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடும், பிக்கப் கூடும்" என்பது இளவட்டங்களின் வேதவாக்கு. நான்கு ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். டூ ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை இது அப்பட்டமான தப்பு.

காரணம் எளிது. டூ ஸ்ட்ரோக்கில் சத்தம் அடக்குவதோடு சைலன்சரின் வேலை முடிவதில்லை. அது எஞ்சினின் ஒரு பாகம். நான்கு ஸ்ட்ரோக்கில் இருப்பது போல வால்வு வந்து வாசலை மூடும் ஏற்பாடு சிலிண்டரில் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது பக்கத்துச் சுவரில் இருக்கும் துவாரம் திறந்து எரிந்த புகை வெளியே போகிறது. அதே நேரம் அடுத்த பக்கத் துவாரம் வழியாகப் புது பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. வாசலும் கொல்லையும் ஒரே சமயத்தில் திறந்து கிடக்கும் வீடு மாதிரி. புதிதாக வந்ததில் ஒரு பங்கு எரியாமலே பின்வாசல் வழியாக ஓடிவிடும்.

அதை ஓடவிடாமல் தடுப்பதுதான் சைலன்சரின் உள்வடிவம். எஞ்சினிலிருந்து கிளம்பும் அழுத்த அலை, விரிந்துகொண்டே போகும் குழாயில் போகும்போது ஓர் உறிஞ்சலைத் திருப்பி அனுப்புகிறது. அது பழைய புகையை இழுத்துவிடுகிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் அலை மோதித் திரும்புகிறது. அந்தத் திரும்பலை, வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைத் தள்ளி மறுபடி சிலிண்டருக்குள் கொண்டு சேர்க்கிறது. அதற்குள் பிஸ்டன் ஏறி வாசலை மூடிவிடும். நீளம், அகலம், சரிவு எல்லாம் கணக்கு. அரை ஜாண் வெட்டினால் அலை திரும்பும் நேரம் மாறிவிடும். கணக்குத் தப்பினால் சக்தி கூடாது, குறையும். கூடுவது சத்தம் மட்டும். சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாக நினைத்துக்கொள்வது, மேளம் ஓங்கி அடித்ததால் கல்யாணம் சிறப்பாக நடந்தது என்று நினைப்பது போலத்தான்.

இந்தக் குழாய்க் கணக்குக்கு உலகம் கொடுத்த மதிப்பு என்ன தெரியுமா? கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்ற வண்டிக் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இந்த அலை வித்தையை வருஷக்கணக்கில் உட்கார்ந்து மெருகேற்றினார். அவர் வண்டியை ஓட்டிய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது நாட்டை விட்டே தப்பி, ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். அவரோடு அந்த ரகசியமும் போனது. அடுத்த வருஷமே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு. அதன் பிறகுதான் ஜப்பான் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கின. பனிப்போர்க் காலத்தில் எல்லை தாண்டிக் கடத்தப்பட்ட அறிவு அது. அதை நம் ஊர்ப் பட்டறையில் கட்டிங் மெஷின் வைத்து ஐந்து நிமிஷத்தில் அறுத்து எறிகிறார்கள். அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள்!

சக்தி போவதோடு நிற்கவில்லை. குழாய் மாறினால் கார்புரேட்டர் கணக்கும் மாறும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். ஒரு நாள் ஹைவேயில் முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்க அரை வினாடி தாமதித்தால் ஆள் ரோட்டில். டூ ஸ்ட்ரோக் ஓட்டும் பழைய ஆட்கள் எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் மேல் வைத்திருப்பது இதற்குத்தான். இந்தப் பையன்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

அடுத்தது எண்ணெய். ஆர்.எக்ஸ். 100-இல் எண்ணெய்க்குத் தனி டேங்க், தனி பம்ப். எஞ்சின் வேகத்துக்கும் ஆக்சிலரேட்டர் திருகலுக்கும் ஏற்ப எண்ணெய் அளந்து போகும். "பம்ப் நம்பிக்கையில்லை" என்று அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கிலேயே குத்துமதிப்பாக எண்ணெயை ஊற்றுகிறார்கள். கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று ஒரு நினைப்பு. டேங்கில் எண்ணெய் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும் என்பதை யோசிப்பதில்லை. கரி படிந்து பிளக் அடைக்கும், புகை தெருவை மூடும். யெஸ்டி, ராஜ்தூத் மாதிரிக் கலந்து ஊற்றியே ஆகவேண்டிய வண்டியில்கூட அளவுக் குப்பி வைத்துத்தான் நாங்கள் ஊற்றினோம். பெட்ரோல் பங்கில் அளவுக் குப்பியோடு நிற்பது கௌரவக் குறைச்சல் என்று யாரும் நினைத்ததில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் டூ ஸ்ட்ரோக் சுத்தமான எஞ்சின் இல்லை. மேலே சொன்ன வாசல் கொல்லைக் கதைதான் காரணம். எரியாத பெட்ரோல் வெளியே போகத்தான் செய்யும். 2000-ஆம் ஆண்டிலிருந்து புகைக் கட்டுப்பாடு இறுகியதும் இந்த இனம் ஒவ்வொன்றாக ஒதுங்கியது நியாயமானதுதான். நம் பால்காரர்களும் வாழைக்குலை வியாபாரிகளும் நம்பியிருந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்குக்கூட 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் வாரிசு வந்துவிட்டது. அதனால் பழைய வண்டியை வைத்திருப்பவனுக்கு மற்றவர்களை விடக் கூடுதல் பொறுப்பு. தினசரி காய்கறி வாங்க அதை எடுக்காதே. வாரம் ஒரு நாள், காலையில், சரியான எண்ணெய் அளவோடு, முழுச் சைலன்சரோடு ஓட்டு. யாருக்கும் தொந்தரவில்லை. அப்படி ஓட்டுகிறவனைப் பார்த்து "பழைய வண்டியை எல்லாம் நசுக்கிப் போடணும்" என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மாதத்தில் நாலு நாள் ஓடும் ஒரு ராஜ்தூத்தால் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் காற்று கெட்டுவிடாது. ஆனால் அந்த வாதத்தை நாம் வைக்க வேண்டுமென்றால் நம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். வெட்டின சைலன்சர்க்காரன்தான் எல்லாப் பழைய வண்டிக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருகிறான்.

இனி மண்பாதை சவாரி. பட்டன் டயர் போட்டவன் ரோட்டோடு நிற்பதில்லை. கோடையில் ஆற்றில் தண்ணீர் ஒடுங்கியதும் மணல் திட்டுக்குள் வண்டியை இறக்குகிறார்கள். சீவலப்பேரிப் பக்கமும் சேரன்மகாதேவிப் பக்கமும் சக்கரத் தடம் கிடக்கிறது. அள்ளினது போக மிச்சம் இருக்கிற மணலும் ஆற்றுக்குச் சொந்தம். குளிக்க வருகிற பெண்களும், துணி துவைக்கிறவர்களும், கரையில் திதி கொடுக்க உட்கார்ந்திருக்கிறவர்களும் உள்ள இடத்தில் எண்ணெய் சொட்டும் எஞ்சினை இறக்குவது என்ன விளையாட்டு?

இன்னும் சிலருக்கு மலை மேல் ஆசை. காரையாறு, மாஞ்சோலை என்று கிளம்புகிறார்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988 முதல் அப்படி. வனத்துறை அனுமதிக்கிற ரோட்டைத் தவிர வேறெங்கும் சக்கரம் வைக்க நமக்கு உரிமை இல்லை. அனுமதி உள்ள ரோட்டிலும் கிழிந்த சைலன்சரோடு போவது அக்கிரமம். இன்னொரு விஷயம்: டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. நான்கு ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகினவன் இறக்கத்தில் இதை எதிர்பார்த்து ஏமாறுவான். இருப்பது பழைய டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடி தளரும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் வண்டி என்றால் இன்னொரு ஆபத்தும் சேரும். ஆக்சிலரேட்டரை மூடியே இறங்கினால் எஞ்சினுக்கு எண்ணெயும் போகாது. அதனால்தான் அந்தக் காலத்தில் இறக்கத்தில் நடுநடுவே ஒரு திருகு திருகிக்கொண்டே வருவோம். இது எதுவும் தெரியாமல் பிரேக் ஷூ தேய்ந்த வண்டியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனை வீரன் என்று எப்படிச் சொல்ல?

மண்ணில் ஓட்டும் ஆசை தப்பில்லை. அதற்குத் தனிக் களம் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்திலும் சென்னைக்கு அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயக் களங்கள் இருக்கின்றன. முறையாகப் பழகியவர்கள் தலைக்கவசம், முழங்கால் கவசம் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவனுக்குச் சொந்தப் பட்டா நிலம், அறுவடை முடிந்த தரிசு, சொந்தக்காரரின் செங்காட்டுப் பாதை இருக்கிறது. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"என் வண்டி, என் காசு, உங்களுக்கென்ன அண்ணாச்சி?" என்று ஒரு தகப்பனே என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். உம்முடைய வண்டிதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற உமக்கு உரிமை இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இரைச்சலுக்கும் புகைக்கும் தனிப் பிரிவு, 10,000 ரூபாய் வரை. பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் தகப்பனுக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். அவர் அதற்கப்புறம் பேச்சை மாற்றிவிட்டார்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையே உண்மையில் பையன்களுக்கு இல்லை, நமக்குத்தான். யோசித்துப் பாருங்கள். அந்தத் தொழுவில் கிடந்த வண்டி யார் பெயரில் இருக்கிறது? பாதிப் பேருக்கு இன்னும் நம் பெயரில்தான். பதினைந்து வருஷப் பதிவு எப்போதோ காலாவதி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பிக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லை. பேரன் கேட்டான் என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டோம். செலவுக்கு இருபதாயிரமும் பென்ஷனிலிருந்து கொடுத்தோம். நாளைக்கு அவன் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈட்டுக்குக் கோர்ட்டு தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை. அதாவது உங்களையும் என்னையும். பணம் போனால் போகட்டும். இடிபட்டவன் நம் தெருக்காரனாகவும் இருக்கலாம், இடித்தவன் நம் வீட்டுப் பிள்ளை. எந்தக் கோர்ட்டு அதைச் சரிசெய்யும்?

"வின்டேஜ் வண்டி தாத்தா, அதுக்குத் தனி ரூல் இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டது, அசல் அமைப்பு மாறாதது. 1985 மாடல் ஆர்.எக்ஸ். 100-க்கு அந்தப் பட்டம் 2035-இல்தான். அப்போதும் கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் அனுமதி, அன்றாட ஓட்டத்துக்கு இல்லை. அசலைக் கெடுத்தவனுக்கு அதுவும் கிடைக்காது. ஆக, சைலன்சரை வெட்டுகிறவன் நாளைய மதிப்பையும் சேர்த்தே வெட்டுகிறான்.

சரி, ரீஸ்டோர் என்றால் என்ன? வரிசையாகச் சொல்கிறேன். முதலில் காகிதம். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் சந்தையில் நம்பரைத் தேய்த்துக் குத்தின வண்டியும் வரும். இரண்டாவது பிரேக். புது ஷூ, புது கேபிள், சக்கர பேரிங், தளர்ந்த ஸ்போக்ஸ். வண்டி ஓடுவதற்கு முன்னால் நிற்க வேண்டும். மூன்றாவது எஞ்சின். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கத்து ஆயில் சீலும் மாற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் சீல் போனால் காற்று புகுந்து கலவை கெடும், பிஸ்டன் பிடிக்கும். சிலிண்டரை அளந்து, தேவைப்பட்டால் மட்டும் ரீபோர். பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங். நான்காவது சைலன்சர். வெட்டுவதற்குப் பதிலாக, பின்னால் உள்ள திருகைக் கழற்றி உள்குழாயை உருவி, படிந்த கரியை எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் போதும். "பிக்கப் இல்லை" என்கிற வண்டியில் நிறையவற்றுக்கு இதுவே மருந்து. பெயின்டும் ஸ்டிக்கரும் கடைசி. இப்போது நடப்பது தலைகீழ்: பெயின்டில் ஆரம்பித்துப் பெயின்டிலேயே முடிகிறது.

இந்த வேலைகளைக் கையால் தெரிந்து செய்கிற மெக்கானிக்குகள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அறுபது எழுபது வயதுக்காரர்கள். சிகரெட் பெட்டித் தாளை வைத்து பாயின்ட் இடைவெளி பார்ப்பவர்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்பவர்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "வண்டி நிறைய வருது சார். ஆனா எவனும் எஞ்சினப் பிரிக்கச் சொல்ல மாட்டேங்கான். சைலன்சர வெட்டணும்ங்கான். நான் மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போறான்." முறையான வேலைக்கு ஆள் வராமல் அவர் பட்டறையில் இப்போது பஞ்சர் ஒட்டுகிறார். அவரிடம் தொழில் பழகப் பையன் இல்லை. அவரோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விடும். வண்டி இரும்பு, எங்காவது ஒன்றாவது மிஞ்சும். அந்தக் கை மிஞ்சாது.

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். சாவி நம்மிடம்தான் இருக்கிறது, பணமும் நம்மிடமிருந்துதான் போகிறது. ஆர்.சி. புதுப்பித்து, இன்சூரன்ஸ் கட்டி, பையனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவனை அந்தப் பழைய மெக்கானிக்கிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எஞ்சினைப் பிரித்து மாட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் அவன் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், கையில் கரி படியட்டும். அப்புறம் சாவியைக் கொடுங்கள். தன் கையால் கரி எடுத்த சைலன்சரை எவனும் அறுக்க மாட்டான். இதற்குச் சம்மதிக்காத பேரனுக்கு வண்டி கிடையாது. கோழி அடையட்டும்.